கீழ்வீட்டு மாமிக்குக் கேட்காமல் கிராண்ட் ஜெட்டே

மயிலாப்பூரில் முதல் மாடியில் குடியிருந்தபோது, கூடத்துச் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தாவிப் பழக ஆரம்பித்தேன். எனக்கு அப்போது 26 வயது. இரண்டாம் நாள் சாயங்காலமே கீழ்வீட்டு மாமி படியேறி வந்துவிட்டார்.

"ஏம்மா, அம்மிக்கல்லைத் தூக்கித் தூக்கிப் போடறியா? எங்காத்துல சுவாமி படமெல்லாம் ஆடறது."

"இல்ல மாமி, டான்ஸ் பிராக்டீஸ்."

"நானும் சின்ன வயசுல பரதநாட்டியம் கத்துண்டு தட்டடவு தட்டினவதான். இப்படிப் பூகம்பம் வந்ததில்லை."

அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் என் தாவலைப் பற்றி யாரும் சொன்ன முதல் உருப்படியான விமர்சனம் அதுதான். தரையில் அவ்வளவு சத்தம் கேட்டால், அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கு என் முழங்காலுக்கும் கணைக்காலுக்கும் போகிறது என்று பொருள். அது புரிய எனக்கு ஒரு கணுக்கால் சுளுக்கும் ஆறு வாரமும் தேவைப்பட்டன. உங்களுக்குத் தேவைப்பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வழிகாட்டியில் ஒரு வினோதம் இருக்கிறது. தாவலைக் கடைசியிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிக் கற்றுக்கொள்ளப் போகிறோம். முதலில் இறக்கம், பிறகு காற்றில் நிற்கும் வடிவம், அதன் பிறகு எழும்பல், கடைசியாக ஓட்டம். வகுப்புகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். ஓடச் சொல்வார்கள், தாவச் சொல்வார்கள். எப்படி இறங்குவது என்பதை முழங்கால் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள்.

எந்தத் தாவலைச் சொல்கிறேன்?

ஒரு காலில் உந்தி எழும்பி, ஒரு கால் முன்னேயும் மற்றது பின்னேயும் காற்றில் விரிய, முன்னே போன காலில் இறங்குவது கிராண்ட் ஜெட்டே. ஒரு பிரெஞ்சுக்காரர் நம் உச்சரிப்பைக் கேட்டால் சிரிப்பார். சென்னை வகுப்புகளில் இப்படித்தான் சொல்கிறோம். சிலர் 'ஸ்பிளிட் லீப்' என்பார்கள். பாலேயின் கலைச்சொற்களெல்லாம் பிரெஞ்சுதான்; பதினான்காம் லூயி 1661இல் நடனத்துக்கென்று ஓர் அரச அகாதெமியை நிறுவிய ஊரின் மொழி அல்லவா? 'ஜெட்டே' என்றால் எறிந்தது. இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். காலைத் தூக்குவது வேறு, எறிவது வேறு.

முன்காலை முட்டியில் மடக்கி எடுத்து, காற்றில் போனபிறகு நீட்டும் இன்னொரு வகையும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பல வகுப்புகளில் இரண்டையும் ஒரே பெயரில் குழப்பியும் விடுவார்கள். இங்கே நான் சொல்வது நேரான காலை எறிந்து எழும்பும் வகை.

பரதநாட்டியம் கற்றவர்கள் "இது நம்முடையது இல்லையே" என்று தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். நாட்டியம் பற்றிய பழைய சம்ஸ்கிருத நூலான அபிநய தர்ப்பணத்தில் உத்ப்லவனம் என்ற தலைப்பில் ஐந்து தாவல்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: அலகம், கர்த்தரி, அச்வம், மோடிதம், கிருபாலகம். அதனால் தாவல் நமக்குப் புதிதல்ல. பாலேயும் இந்த ஊருக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், அதற்கு முன்பு ரஷ்ய பாலே நடனக்கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றவர்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை

இந்தத் தாவல் ஆரம்பநிலை வேலை இல்லை. குறைந்தது ஓராண்டாவது ஏதோ ஒரு நடனம் தொடர்ந்து ஆடியிருக்க வேண்டும். அதோடு கீழே உள்ள மூன்றையும் வீட்டிலேயே செய்து பாருங்கள்.

ஒற்றைக் காலில் நின்று, விரல் நுனிகளால் மட்டும் சுவரைத் தொட்டுக்கொண்டு, குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்குங்கள். நிறுத்தாமல் 20 முறை வர வேண்டும். 12இலேயே கெண்டைக்கால் நடுங்கினால், முதல் மாத வேலை உங்களுக்கு இதுதான்.

அடுத்தது, கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று முழங்காலை மெல்ல மடக்குங்கள். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகப் போகிறதா, அல்லது உள்பக்கம் சாய்கிறதா? சாய்ந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குப் பலம் போதவில்லை. நின்ற இடத்திலேயே சாய்கிற முழங்கால், தாவி இறங்கும்போது இன்னும் மோசமாகச் சாயும்.

மூன்றாவது, காலை முன்னால் நேராகத் தூக்குங்கள். கையால் பிடிக்கக் கூடாது. இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழேயாவது ஐந்து எண்ணும்வரை நிற்க வேண்டும். தரையில் உட்கார்ந்து முழு ஸ்பிளிட் போடுகிறவர்களில் பலர் இதில் தோற்றுப்போவார்கள். தரை தாங்கும்போது விரிகிற கால் காற்றில் அப்படியே விரிந்துவிடாது. அங்கே தூக்கிப் பிடிக்கத் தசைதான் இருக்கிறது, தரை இல்லை. முழு ஸ்பிளிட் வரவில்லையே என்று ஏங்குபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தரையைப் பாருங்கள், பிறகு மாஸ்டரைப் பாருங்கள்

சென்னையில் இந்தக் கலைக்கு முதல் எதிரி தரைதான். மொசைக், கிரானைட், விட்ரிஃபைட் டைல்ஸ், எதுவானாலும் அடியில் இருப்பது கான்கிரீட். கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. தட்டடவுக்கே அது பொல்லாதது, ஒற்றைக் காலில் விழும் தாவலுக்குக் கேட்கவே வேண்டாம். நான் சுளுக்கிக்கொண்டது வாடகைக்கு எடுத்த ஒரு ஹாலில். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் டைல்ஸில் ரூபாய் நாணயம் அளவுக்குத் தேங்கியிருந்தது. பார்த்தேன், துடைக்கச் சோம்பல். மூன்றாவது தாவலில் சரியாக அதன் மேலேயே போய் இறங்கினேன்.

ஸ்டூடியோ பார்க்கப் போனால் கண்ணாடியையும் ஏசியையும் பார்த்து மயங்காதீர்கள். தரையில் குதிகாலால் ஒரு தட்டு தட்டுங்கள். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் கான்கிரீட். 'டும்' என்று அடியில் காற்று இருப்பதுபோல் வந்தால் மரச்சட்டம் கொடுத்து எழுப்பிய தரை. அதுதான் வேண்டும். மேலே வினைல் விரித்திருந்தால் வழுக்கலும் குறையும். கான்கிரீட்டின் மேல் நேரடியாக ஒட்டிய மரநிறத் தகடு மரத்தரை ஆகாது. பெயரளவில்தான் மரம்.

அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லையா? புதிர்த்துண்டுபோல் கோத்து விரிக்கும் ரப்பர் பாய்கள் கடைகளில் கிடைக்கின்றன. கெட்டியான, அமுக்கினால் கொஞ்சமே உள்ளே போகும் ரகம் சரி. மெத்தைபோல் அமுங்கும் ரகம் வேண்டாம், பாதம் புதைந்து கணுக்கால் திரும்பிவிடும். பெசன்ட் நகர் கடற்கரையில் தாவலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். படம் பிடிக்க நன்றாக இருக்கும். பழகுவதற்கு ஒத்துவராது. உலர்ந்த மணலில் உந்தினால் பலமெல்லாம் மணலுக்குப் போகும், குதிகால் தசைநாணும் வலிக்கும். அலையோரத்து ஈரமணல் கெட்டிதான், ஆனால் சரிவு. ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கும்.

வீட்டில் பழகுபவர்களுக்கு இன்னொன்று: சீலிங் ஃபேன். கையை உயர்த்திக்கொண்டு எழும்பும்போது அது எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி ஒன்று: இறக்கம்

வாசல்படி போதும். 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் நல்லது. அதன் மேல் நின்று, குதிக்காமல், ஒரு காலை முன்னே நீட்டிச் சும்மா கீழே இறங்குங்கள். முதலில் இரண்டு காலிலும், இரண்டு வாரம் போனபிறகு ஒற்றைக் காலிலும்.

தரையைத் தொடும் வரிசைதான் எல்லாம். விரல்நுனி, விரல்களுக்குப் பின்னுள்ள மேட்டுப்பகுதி, பிறகு குதிகால். குதிகால் கட்டாயம் தரையைத் தொட வேண்டும். நுனிக்காலிலேயே நின்றுவிட்டால் கெண்டைக்காலும் தசைநாணும் முழுப் பாரத்தையும் சுமக்கும். குதிகால் தொடும்போதே முழங்கால் மடங்கிக்கொண்டிருக்க வேண்டும், தொட்டபிறகு மடங்கினால் காலம் கடந்துவிட்டது. மடங்கிய இடத்தில் மூன்று எண்ணும்வரை நில்லுங்கள். தள்ளாடினால் அந்த இறக்கம் கணக்கில் வராது.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இங்கே ஒரு வரமும் ஒரு சாபமும் உண்டு. வரம் அரைமண்டி. முதுகு நிமிர்ந்திருக்க முழங்காலை மடக்குவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. பாலேக்காரர்கள் பிளியே என்று வருடக்கணக்கில் பழகுவதில் பாதியை நாம் ஏழு வயதிலேயே படித்துவிடுகிறோம். சாபம், சத்தம். 'தெய் ஹத் தெய் ஹி' என்று குதித்து மெட்டும்போது, நுனிக்காலில் குதித்துக் குதிகாலை ஓங்கி அடிக்க வேண்டும். அந்த அடி, தாளம் தட்டும் தட்டுக்கழியோடு சேர்ந்து கேட்டால்தான் டீச்சர் முகத்தில் திருப்தி வரும். கிராண்ட் ஜெட்டேயில் அதே குதிகால் பூனைபோல் வந்து உட்கார வேண்டும். 15 வருடப் பழக்கத்தை எதிர்த்து ஒரு புதிய பழக்கம் என்பதால், எனக்கு இந்தப் படிக்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது. குத்தாட்டம் ஆடி வளர்ந்த பையன்கள் இதை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்கள் முழங்கால் எப்போதும் தளர்ந்தே இருக்கும்.

சரியாக இறங்குகிறீர்களா என்று அறியக் கண்ணாடி வேண்டாம், காது போதும். சலங்கையோ கொலுசோ போட்டுக்கொள்ளாதீர்கள், அது சத்தத்தை மறைத்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்கள். 'தொப்' என்றால் முழங்கால் தாமதம். 'டப்' என்றால் குதிகால் முதலில் விழுந்திருக்கிறது. 'டப்-டப்' என்று இரண்டு சத்தம் வந்தால் நுனிக்கால் இறங்கியபின் குதிகால் தனியாக நழுவி விழுகிறது. துணி உரசுவதுபோல் லேசாக ஒரு சத்தம் மட்டும் கேட்டால் சரி.

எனக்கு அது பிடிபட்டது எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் மாடிப்படியில் மாமி என்னை நிறுத்தினார். "என்னடி, டான்ஸை விட்டுட்டியா? ஒரு மாசமா சத்தத்தையே காணோம்?" நான் விடாமல் பழகிக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன்.

எத்தனை முறை? ஒரு நாளைக்கு ஒரு காலுக்கு 20 இறக்கம். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. கூடுதலாகச் செய்தால் சீக்கிரம் வரும் என்று தோன்றும். தசை அதற்கு உடன்பட்டாலும் எலும்பு உடன்படாது. அது மெதுவாகத்தான் பழகும்.

படி இரண்டு: காற்றில் ஒரு கணம்

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். உடல் 30 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால், காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ அரை நொடி. அவ்வளவுதான். அந்த அரை நொடியிலும் சரிபாதியை உடல் உச்சியை ஒட்டிய கால் பங்கு உயரத்திலேயே கழிக்கிறது, ஏனென்றால் உச்சியில் வேகம் குறைவு. ஆகவே பார்ப்பவர் கண்ணில் பதிவது அந்தக் கால் நொடிதான். கால்கள் அதற்குள் விரிந்து முடிந்திருக்க வேண்டும். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபின் விரிக்க ஆரம்பித்தால், கீழே விழும்போதுதான் விரியும். அதைப் பார்த்தால் வழுக்கி விழுவதுபோல் இருக்கும்.

மிதப்பதுபோல் தெரிகிறதே, அது என்ன மாயம்? ஒருமுறை தரையை விட்டுவிட்டால் உடலின் எடைமையம் எறிந்த கல்லைப்போல் வளைந்துதான் போகும், அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் கால்களும் கைகளும் மேலே வரும்போது அந்த மையம் உடலுக்குள்ளேயே சற்று மேலே நகர்கிறது. அதனால் அது ஏறி இறங்கினாலும் தலையும் மார்பும் ஒரு கணம் ஒரே மட்டத்தில் போகின்றன. நம் கண் பார்ப்பது தலையைத்தான். ஆள் நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

இதற்கான பயிற்சி தாவலில் இல்லை, ஜன்னலில் இருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நம் வீடுகளில் பாலே ஸ்டூடியோவின் பிடிகம்பிக்கு இதைவிட நல்ல மாற்று கிடையாது. பக்கவாட்டில் நின்று ஒரு காலை முன்னே எறியுங்கள், தானாக விழ விடாமல் மெல்ல இறக்குங்கள். 10 முறை. பிறகு கம்பியைப் பார்த்து நின்று காலைப் பின்னே எடுங்கள். இங்கேதான் ஏமாற்று வேலை நடக்கும். கால் உயரவில்லை என்றதும் இடுப்பைத் திருப்பிக் காலை வெளிப்பக்கம் தூக்கிவிடுவோம். இடுப்பெலும்பின் இரண்டு முனைகளிலும் விரல் வைத்துப் பாருங்கள். அது பெரிதாகத் திரும்பாமல் கால் எவ்வளவு போகிறதோ அதுதான் இன்றைய உயரம்.

புதியவர்களின் தாவல் படங்களில் முன்கால் கம்பீரமாக இருக்கும், பின்கால் ஈரத்துணிபோல் தொங்கும். எல்லோரும் முன்காலையே நினைத்துக்கொண்டிருப்பதால் வருவது இது. குப்புறப் படுத்து ஒரு காலை மட்டும் நீட்டித் தூக்கி மூன்று எண்ணுங்கள். யோகா செய்பவர்களுக்கு அரைச் சலபாசனம் என்றால் புரியும். பக்கத்துக்கு 12 முறை. அலுப்பான பயிற்சி, ஆனால் தொங்கும் காலைச் சரிசெய்தது அதுதான்.

தாவுவதற்கு முன்னால் ஒரே நிலையில் நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடிக்காதீர்கள். அதிக நேரம் இழுத்த தசை அந்தச் சமயத்துக்கு உந்துபலத்தைச் சற்று இழக்கிறது. முன்னால் கால்வீச்சும் சின்னக் குதிப்புகளும் போதும். நிதானமான இழுப்பெல்லாம் முடித்து வியர்த்துப்போன பிறகு.

படி மூன்று: எழும்பல்

மழைக்காலத்தில் தெருவில் நடந்த யாருக்கும் இது ஏற்கெனவே தெரியும். தேங்கிக் கிடக்கும் தண்ணீரைத் தாண்டுவது ஒரு விதம். வாசலில் படுத்துக் கிடக்கும் நாயைத் தாண்டுவது வேறு விதம். தண்ணீருக்கு அகலம்தான் பிரச்சினை, அதனால் தாழ்வாக முன்னே பாய்வோம். நாயைத் தாண்டும்போது அகலம் பெரிதில்லை, எங்கே எழுந்து கடித்துவிடுமோ என்று மேலே எழும்புவோம். புதியவர்கள் எல்லோரும் தண்ணீரைத் தாண்டுகிறார்கள். நமக்கு வேண்டியது நாய்.

உந்தும் கால் தரையை விடுவதற்கு முன்னுள்ள அடியில் முழங்கால் நன்றாக மடங்க வேண்டும். குதிகால் தரையில் அழுந்தி, அங்கிருந்து பாதம் உருண்டு, விரல்நுனி கடைசியாகத் தரையைத் தள்ள வேண்டும். அதே நொடியில் முன்காலை எறிய வேண்டும். தூக்குவது வேறு, எறிவது வேறு என்று சொன்னேனே, அது இங்கேதான். பாதத்தால் தரையைப் பெருக்கித் தள்ளுவதுபோல் உரசி எறியுங்கள். இரண்டும் ஒன்றாக நடந்தால் உயரம் வரும். எறிந்தபின் உந்தினாலும், உந்தியபின் எறிந்தாலும் வராது.

தொடக்கத்தில் ஓட வேண்டாம். ஒரே ஓர் அடி வைத்து, சின்னதாக எழும்பி, முன்கால் 45 பாகைக்கு மேல் போகாமல், படி ஒன்றில் கற்றபடி இறங்குங்கள். இறக்கம் கெட்டால் உயரத்தைக் குறையுங்கள். கெடாமல் ஐந்து வந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். மார்பை முன்னே சாய்க்க ஆசை வரும். சாய்த்தால் பின்கால் ஏறுவதுபோல் தோன்றும், உண்மையில் உடல்தான் இறங்கியிருக்கும். எதிர்ச்சுவரில் கண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே ஏதாவது ஒன்றைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது முருகன் காலண்டர்.

கைகள்: முன்னே எறியும் காலுக்கு எதிர்க்கை முன்னே, மற்றது பக்கவாட்டில். நடக்கும்போது கை எப்படி மாறி வருகிறதோ அப்படியேதான். தோள் காதுவரை ஏறினால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எழும்பும்போது மூச்சை உள்ளே இழுங்கள்.

படி நான்கு: ஓட்டம்

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டம் என்று பெயர், உண்மையில் இரண்டு அடி. பாலேயில் இதற்கு ஷாசே, கிளிசாடு என்று பலவித முன்னடிகள் இருக்கின்றன. அவற்றை உங்கள் மாஸ்டர் சொல்லித்தருவார். நான் பழகியது திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்றாக எண்ணும் நடையில். 'த' முதல் அடி, 'கி' உந்தும் அடி, 'ட' காற்றில், அடுத்த 'த' இறக்கம். வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். வாய் தடுமாறும் இடத்தில்தான் காலும் தடுமாறும். எவ்வளவு வேகமாக ஓடுகிறோமோ அவ்வளவு உயரம் வரும் என்பது பொய். சமாளிக்க முடியாத வேகம் முன்னே இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவே.

சேர்த்துப் பார்க்கும்போது

இறக்கத்துக்கு ஆறு வாரம், ஜன்னல் கம்பி வேலை அதோடு கூடவே, பிறகு சின்ன எழும்பலுக்கு நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடன அடித்தளம் உள்ளவர்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் ஒரு நேர்மையான கிராண்ட் ஜெட்டே வரும். மேடையில் ஆடும் அளவுக்கு வர ஓராண்டு. இது என் அனுபவமும், என்னோடு பழகியவர்களைப் பார்த்ததும்.

ஃபோனைத் தரையில் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து ஸ்லோமோஷனில் எடுங்கள். நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஃபோனாக இருந்தால் அந்த அரை நொடி 120 படங்களாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் பார்த்து மனதை நோகடித்துக்கொள்ளாமல் மூன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். தரையை விடும் படத்தில் உந்தும் முழங்கால் முழுக்க நீண்டிருக்கிறதா? உச்சிப் படத்தில் இரண்டு கால்களும் ஏற்கெனவே விரிந்திருக்கின்றனவா? இறங்கும் படத்தில் முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கிறதா? இந்த மூன்றாவதைப் பார்க்க மட்டும் ஃபோனை எதிரே வைக்க வேண்டும்.

காலை 6 மணிக்கு முன் பழகிவிடுங்கள், அதிலும் கத்திரி வெயில் நாட்களில். வியர்த்த பாதம் டைல்ஸில் வழுக்கும், வினைலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதும் ஆபத்துதான், பாதம் நிற்கும், முழங்கால் திரும்பிவிடும். பக்கத்தில் ஒரு துண்டும் உப்புப் போட்ட மோரும் இருக்கட்டும். காட்டன் சாக்ஸ் போட்டுக்கொண்டு தாவ வேண்டாம். தொளதொளவென்ற பலாசோவும் வேண்டாம், பின்கால் அதில் சிக்கும்.

வலி வந்தால்

தொடையும் கெண்டைக்காலும் மறுநாள் முழுக்கக் கனமாக வலிப்பது சாதாரணம், இரண்டு நாளில் போய்விடும். கணைக்கால் எலும்பில் ஒரே ஓர் இடத்தைத் தொட்டால் சுருக்கென்று வலிப்பதும், ராத்திரி படுக்கும்போதும் வலிப்பதும் வேறு கதை. எலும்பில் மயிரிழை விரிசல் விழ ஆரம்பித்திருக்கலாம். தாவலை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். "கொஞ்சம் எண்ணெய் தேய்த்தால் போய்விடும்" என்பவர்கள் பேச்சைக் கேட்டு அதன் மேல் குதித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கணுக்கால் பிசகிவிட்டதா? நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டியின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர்போகும் வலி இருந்தாலோ, முதலில் எக்ஸ்ரே. கட்டுப் போடுவதா வேண்டாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எனக்கு நடக்க முடிந்தது, அதனால் சுளுக்கு என்று நானே முடிவுசெய்து நான்காம் நாள் வகுப்புக்குப் போனேன். ஒரு வாரத்தில் சரியாகியிருக்க வேண்டியது ஆறு வாரம் ஆனதற்குக் காரணம் அந்த நான்காம் நாள்தான். பிசியோதெரபிஸ்ட் என் காலைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஒரு கால்ல நின்னு கண்ணை மூடுங்க பார்ப்போம், எவ்ளோ நேரம் நிக்கிறீங்க?" நான்கு நொடி. இப்போது பல் தேய்க்கும்போது தினமும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறேன்.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் நீங்கள் வலது காலை முன்னே எறிந்து பழகியிருப்பீர்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம்தான் முதலில் வரும். இடது காலை எறிந்து பாருங்கள், யாரோ இரவல் கொடுத்த கால்போல் இருக்கும். அது தானாக வந்துவிடாது. மறுபடியும் வாசல்படியிலிருந்து, இரண்டு கால் இறக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கீழ்வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிடுங்கள்.